ஏணியை எடுக்காதீர்கள்!



முதலில் ஒரு கேள்வி. ஒரு வகுப்பில் மொத்தம் ஒன்பது பேர். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பட்டியல் ஒட்டுகிறார்கள். கடைசியாக, அதாவது ஒன்பதாவதாக வந்தவன் பாஸ். எட்டாவதாக வந்தவன் ஃபெயில்! இது நியாயமா?

"அதெப்படி சார்? எட்டாவது ஃபெயில் என்றால் ஒன்பதாவதும் ஃபெயில்தானே!" என்று நீங்கள் கத்துவது என் காதில் விழுகிறது. என் பேத்தியும் இப்படித்தான் கத்தினாள். ஆனால் நம் நாட்டுக் கால்பந்தில் இது உண்மையாகவே நடந்தது. ஃபெயிலான அந்த எட்டாவது அணி, அடுத்த ஆண்டே முதல் பரிசை வாங்கியது. அந்தக் கதையைச் சொல்லி, கூடவே என் கருத்தையும் சொல்கிறேன். சரியா தவறா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த அணியின் பெயர் ஐஸ்வால் எஃப்.சி. ஐஸ்வால் எங்கே இருக்கிறது? சமூக அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். வடகிழக்கே, மியான்மரும் வங்கதேசமும் இரு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கும் மிசோரம் மாநிலத்தின் தலைநகரம். 2011 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலம் முழுவதிலும் சேர்த்தே சுமார் 11 லட்சம் பேர்தான். அப்போது சென்னை மாநகரில் மட்டும் அதைப் போல் நான்கு மடங்குக்கு மேல் மக்கள் இருந்தார்கள். எங்கே பார்த்தாலும் மலை. சமதளமாக ஒரு மைதானம் கிடைப்பதே அங்கே பெரிய காரியம். ஆனாலும் பையன்களுக்குக் கால்பந்து என்றால் உயிர். 2012இல் அவர்கள் தங்களுக்கென்று மிசோரம் பிரீமியர் லீக் என்ற போட்டியையே தொடங்கிவிட்டார்கள்.

இந்தியாவின் தேசிய கால்பந்துப் போட்டிக்கு அப்போது ஐ-லீக் என்று பெயர். 2007இல் தொடங்கியது. லீக் என்றால் ஒரே நாளில் தோற்று வெளியேறுகிற போட்டி இல்லை. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் இரண்டு முறை மோத வேண்டும். ஒன்று சொந்த ஊரில், இன்னொன்று எதிரணியின் ஊரில். வென்றால் 3 புள்ளி, டிரா செய்தால் 1, தோற்றால் பூஜ்யம். பத்து அணிகள் இருந்தால் மொத்தம் எத்தனை ஆட்டங்கள்? நோட்டில் போட்டுப் பாருங்கள். 90 என்று வந்தால் உங்களுக்கு ஒரு சபாஷ்!

இப்போது 2015-16 சீசனுக்கு வருவோம். அந்த ஆண்டு ஐ-லீக்கில் ஒன்பது அணிகள். ஐஸ்வால் முதல் முறையாக மேலே வந்து ஆடியது. எட்டாவது இடம் பிடித்தது. ஒன்பதாவது, புணே நகரத்தின் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ். ஆனால் சிவாஜியன்ஸ் அணி, பணம் கட்டி நேரடியாக நுழைந்த புதிய அணி. அப்படி வருகிற அணியைத் தொடக்கத்தில் கீழே இறக்கக் கூடாது என்று விதி இருந்தது. அதனால் கடைசி அணி அப்படியே இருக்க, அதற்கு மேலே இருந்த ஐஸ்வால் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது!

வேடிக்கை என்னவென்றால், அதே 2016 மே மாதம் ஃபெடரேஷன் கோப்பையில் இறுதிப் போட்டி வரை போன அணியும் ஐஸ்வால்தான். குவாஹாட்டியில் நடந்த அந்த இறுதியில் மோகன் பகானிடம் 5-0 என்று தோற்றது. படுதோல்விதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாட்டின் பெரிய கோப்பை ஒன்றில் இரண்டாவதாக வந்த அணியைத்தான் "நீ கீழே போ" என்றார்கள்.

பிறகு எப்படி மறுபடி மேலே வந்தார்கள்? அந்த ஆண்டே கோவாவின் மூன்று பழைய அணிகள், டெம்போ, சல்கோகர், ஸ்போர்ட்டிங் கோவா, ஐ-லீக்கிலிருந்து விலகின. லீக்கில் ஏணி இல்லாமல் போகப் போகிறது, இனி நமக்கு எதிர்காலம் இல்லை என்பதுதான் அவர்களது மனக்குறை. இடம் காலியானதும் ஐஸ்வாலைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

இங்கே என் பேத்தி குறுக்கிட்டாள். "தாத்தா, அதுவும் விதியை வளைத்ததுதானே? இறக்கினால் இறக்கினதுதான். காலி இடம் இருக்கு என்று திரும்பக் கூப்பிட்டது மட்டும் சரியா?"

நல்ல கேள்வி. பத்து வயதுக் குழந்தை கேட்டாளே என்று எனக்குச் சந்தோஷம். அவள் சொன்னது சரிதான். ஐஸ்வாலை நான் மிகவும் நேசிக்கிறேன் என்பதற்காக, அவர்கள் திரும்பி வந்த வழி சுத்தமான வழி என்று சொல்லமாட்டேன். ஒரு விதியை ஆளுக்கு ஏற்ற மாதிரி வளைத்தால், பிறகு அதைச் சரிசெய்ய இன்னொரு விதியையும் வளைக்க வேண்டியிருக்கும். முதல் தப்பு, கடைசியில் வந்தவனை விட்டுவிட்டு அவனுக்கு முன்னால் இருந்தவனை இறக்கியது.

சரி, கதைக்கு வருவோம். 2017 ஜனவரியில் புதிய சீசன் தொடங்கியது. பத்து அணிகள். நம் சென்னை சிட்டி எஃப்.சி.யும் அந்த ஆண்டுதான் முதன்முதலாக ஐ-லீக்கில் ஆடியது. (உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: நம் அணியும் கீழிருந்து விளையாடி ஏறி வரவில்லை. நேரடி நுழைவுதான்!)

ஐஸ்வாலின் புதிய பயிற்சியாளர் காலித் ஜமீல். முன்னாள் இந்திய ஆட்டக்காரர். மும்பை எஃப்.சி.க்கு ஏழு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தவர். 2016இல் அங்கே அவருடைய வேலை போயிருந்தது. அவர் வந்தபோது மும்பையில் தன்னிடம் ஆடிய அசுதோஷ் மேத்தா, ஜெயேஷ் ராணே போன்றவர்களையும் அழைத்து வந்தார். கேப்டன் லைபீரியா நாட்டு ஆல்ஃபிரட் ஜார்யன். நடுக்களத்தில் சிரியா நாட்டு மஹ்மூத் அல் அம்னா. மற்றபடி பெரும்பாலும் உள்ளூர் மிசோ இளைஞர்கள். பெரிய பெயர் எடுத்த ஆட்டக்காரர் என்று யாருமில்லை.

ஐ-லீக் தொடங்கியதிலிருந்து அதுவரை ஒன்பது முறை கோப்பை கொடுத்திருந்தார்கள். ஒன்பதும் கோவா, கொல்கத்தா, பெங்களூரு என்ற மூன்று இடங்களுக்குத்தான் போயிருந்தன. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்கள் வந்திருந்தும், அங்கிருந்து ஓர் அணி கூட வென்றதில்லை.

ஏப்ரல் மாதம். ஒவ்வோர் அணிக்கும் 18 ஆட்டங்கள். இரண்டே ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போது மேலே இரண்டு அணிகள் சமமாக நின்றன. 1889இல் தொடங்கிய மோகன் பகான் 33 புள்ளி. ஐஸ்வாலும் 33 புள்ளி. அடுத்த ஆட்டத்தில் இரண்டும் நேருக்கு நேர்! ஏப்ரல் 22, மலைமேல் இருக்கும் ஐஸ்வாலின் சொந்த மைதானம். 80 நிமிடம் தாண்டியும் யாரும் கோல் போடவில்லை. 83ஆவது நிமிடத்தில் சோமிங்லியானா ரால்தே என்ற தடுப்பாட்டக்காரர் முன்னேறி வந்து, தலையால் முட்டிப் பந்தை வலைக்குள் தள்ளினார். 1-0. தடுக்க வேண்டிய வேலைக்காரர்தான் கோல் போட்டார், பார்த்தீர்களா!

இன்னும் ஒரே ஆட்டம். ஏப்ரல் 30, ஷில்லாங் நகரில் லஜோங் அணியுடன். ஒரு புள்ளி கிடைத்தால் கோப்பை. தோற்று, அதே நேரம் கொல்கத்தாவில் மோகன் பகான் வென்றால் இருவரும் சமமாகி, கோப்பை கைநழுவிப் போகலாம். ஐஸ்வாலிலிருந்து ரசிகர்கள் மலைப்பாதையில் நெடுந்தூரம் பயணம் செய்து வந்து குவிந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கி 9ஆவது நிமிடத்திலேயே லஜோங்கின் டிபாண்டா கோல் போட்டுவிட்டார். அந்த சீசனில் எல்லோரையும் விட அதிக கோல், 11 கோல் போட்டவர் அவர். அங்கே கொல்கத்தாவில் மோகன் பகான் யாருடன் ஆடிக்கொண்டிருந்தது தெரியுமா? நம் சென்னை சிட்டியுடன்! அதில் மோகன் பகான் 2-1 என்று வென்றது. நாம் கொஞ்சம் உதவியிருக்கலாம், முடியவில்லை.

ஐஸ்வால் தானே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 67ஆவது நிமிடத்தில் வில்லியம் லால்னுன்ஃபெலா சமன் செய்தார். 1-1. மீதி 23 நிமிடமும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசி விசில் ஊதியது. ஐஸ்வால் சாம்பியன்!

கணக்கைப் பாருங்கள். ஐஸ்வால் 11 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி: 37 புள்ளி. மோகன் பகான் 10 வெற்றி, 6 டிரா, 2 தோல்வி: 36 புள்ளி. குறைவாகத் தோற்றவர்கள் மோகன் பகான்தான். ஆனாலும் ஒரு வெற்றி கூடுதலாக வைத்திருந்தவர்கள் ஜெயித்தார்கள். இன்னொரு செய்தி: அந்த சீசனில் கடைசி இடம் யாருக்கு? காலித் ஜமீலின் பழைய மும்பை எஃப்.சி.க்கு!

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்க மாட்டேன். கைதட்டிவிட்டுப் போயிருப்பேன்.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் என்று இன்னொரு போட்டி எட்டு அணிகளுடன் தொடங்கியிருந்தது. ஐ.எஸ்.எல். என்றால் உங்களுக்குத் தெரியும். சினிமா நட்சத்திரங்கள், வெளிநாட்டு வீரர்கள், தொலைக்காட்சி வெளிச்சம், பெரிய முதலீடு. அப்போது அதில் இடம் பிடிக்க விளையாடி வெல்ல வேண்டியிருக்கவில்லை. ஏலத்தில் கலந்துகொண்டு பணம் கட்ட வேண்டியிருந்தது. கடைசியில் வந்தாலும் கீழே இறக்கவில்லை. 2017இல் அந்தப் போட்டியைப் பத்து அணிகளாகப் பெரிதாக்கினார்கள். ஐ-லீக்கில் அந்த ஆண்டு நான்காவதாக வந்த பெங்களூரு எஃப்.சி. அதில் சேர்ந்தது. முதலாவதாக வந்த ஐஸ்வால் சேரவில்லை. பெங்களூரு நல்ல அணிதான், இரண்டு முறை ஐ-லீக் வென்ற அணி. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. ஆனால் நான்காம் ரேங்க் வாங்கியவனை மேல் வகுப்பில் உட்கார வைத்து, முதல் ரேங்க் வாங்கியவனிடம் "உன்னிடம் கட்டணம் கட்டப் பணம் இருக்கிறதா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

ஐஸ்வால்காரர்கள் கடிதம் எழுதினார்கள், கெஞ்சினார்கள், உண்ணாவிரதம் இருப்போம் என்றுகூட அறிவித்தார்கள். இரண்டு லீக்கும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும் என்று முடிவானது. 2019 அக்டோபரில், அவர்கள் பயந்தது போலவே, ஐ.எஸ்.எல். தான் முதல் லீக் என்றாகி, ஐ-லீக் இரண்டாவது படிக்கு இறங்கியது.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் நம் சென்னை சிட்டி ஐ-லீக்கை வென்றிருந்தது. 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கம். மினர்வா பஞ்சாபிடம் முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு 3-1 என்று வென்றார்கள். சென்னை 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி. மறுபடியும் கடைசி நாள், மறுபடியும் ஒரே புள்ளி! அவர்களுக்கும் மேலே போக ஏணி இல்லை. "ஐ-லீக் அணிகளுக்கு அந்த அளவுக்குத் தரம் கிடையாது" என்று சிலர் சொன்னார்கள். அடுத்த மாதமே சூப்பர் கோப்பையில் அந்த ஆண்டின் ஐ.எஸ்.எல். சாம்பியனான பெங்களூருவை சென்னை சிட்டி 2-1 என்று வீழ்த்தியது. அரையிறுதியில் கோவாவிடம் 3-0 என்று தோற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரம் இருக்கிறதா இல்லையா என்பதைக் களத்தில்தான் பார்க்க வேண்டும்.

எதிர்த் தரப்பு நியாயத்தையும் கேட்க வேண்டும், இல்லையா? "கோடி கோடியாகப் பணம் போடுகிறோம். ஒரு வருடம் சரியாக ஆடவில்லை என்று கீழே தள்ளினால் எங்கள் பணம் என்ன ஆவது? யார் முதலீடு செய்வார்கள்?" என்று கேட்டார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஐ.எஸ்.எல். வந்த பிறகுதான் பல ஊர்களில் அரங்கம் நிரம்பியது. எங்கள் தெருப் பையன்கள் இந்திய ஆட்டக்காரர்கள் பெயர் எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அது நல்ல மாற்றம்தான். தொடக்கத்தில் சில ஆண்டுகள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றால் நானும் தலையாட்டுவேன். ஆனால் பணம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக, வென்றவனை வருடக் கணக்கில் வாசலிலேயே நிறுத்தி வைப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் இவ்வளவு கோபப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது என்னைப் பற்றியது, பெருமையான விஷயம் இல்லை.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தபோது அங்கே விளையாட்டு ஆசிரியர் இல்லை. கணக்குப் பாடம் எடுத்த நானே கால்பந்து அணியையும் பார்த்துக்கொண்டேன். ஒரு வருடம் வட்டாரப் போட்டிக்குப் பையன்களைத் தேர்வு செய்தேன். வெளியூர்ப் பள்ளிகள் எல்லாம் ஷூ போட்டுக்கொண்டு வருவார்கள், நம் பிள்ளைகள் வெறுங்காலோடு போனால் மிதிபட்டுவிடுவார்கள் என்ற பயத்தில், "ஷூ வைத்திருப்பவர்கள் மட்டும் கை தூக்குங்கள்" என்றேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். தினமும் மாலையில் வெறுங்காலோடு ஆடி, பெரிய வகுப்புப் பையன்களையே சுற்ற விடுவான். அவன் கையைத் தூக்கவில்லை. நானும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்டா" என்று சொல்லி முடித்துவிட்டேன். ஷூ இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினோம். அது போகட்டும். அதற்குப் பிறகு அவன் மைதானத்துப் பக்கமே வரவில்லை. எட்டாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டான். ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூவை நானே வாங்கிக் கொடுத்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

ஐஸ்வால் கதையைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. தோற்று வெளியே இருப்பது வேறு. தோற்றவனுக்கு, அடுத்த முறை நன்றாக ஆடினால் உள்ளே போகலாம் என்று தெரியும். நன்றாக ஆடியும் வெளியே நிற்பவன் இனி எதற்காக ஆட வேண்டும்?

இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி என்று ஓர் அணி. 2008-09இல் மூன்றாம் பிரிவில் கிடந்தது. ஒவ்வொரு படியாக ஏறி 2014இல் முதல் பிரிவுக்கு வந்து, 2016இல் பிரீமியர் லீக் கோப்பையையே வென்றது. உலகமே வியந்தது. அதே அணி 2023இல் சரியாக ஆடாததால் கீழே இறக்கப்பட்டது. "முன்னாள் சாம்பியன் ஆயிற்றே, போனால் போகிறது" என்று யாரும் சலுகை காட்டவில்லை. ஏற்றி விட்ட ஏணி வழியாகவே இறங்கினார்கள்.

நம் நாட்டில் அந்த ஏணியின் ஒரு பாதி பிறகு வந்தது. 2022-23இல் ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் அணி, விளையாடி வென்றதாலேயே ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்த முதல் அணியானது. அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. காலித் ஜமீல் 2025 ஆகஸ்டில் இந்திய அணிக்கே தலைமைப் பயிற்சியாளரானார். ஐஸ்வாலுக்கு மட்டும், 2017இல் வென்ற கோப்பைக்காக யாரும் கதவைத் திறக்கவில்லை. 2018 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்காக ஈரான் வரை போய், சோப் ஆஹன் அணியிடம் 3-1 என்று தோற்றுத் திரும்பினார்கள். அந்த ஒரு கோலை அவர்கள் ஊரில் இன்னும் பேசுவார்கள் என்றே நினைக்கிறேன்.

ஏணியின் மறுபாதி? 2024-25 ஐ.எஸ்.எல்.லில் முகமதன் ஸ்போர்ட்டிங் 13 அணிகளில் 13ஆவதாக வந்தது. ஆனாலும் இறக்கவில்லை; இறக்கும் விதியே அப்போது இல்லை. 1891இல் தொடங்கிய புகழ்பெற்ற அணி அது. முதல் முறை மேலே வந்து கஷ்டப்பட்டவர்கள் என்று எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் என் பேத்தி கேட்டாள்: "எட்டாவதாக வந்த ஐஸ்வாலை இறக்கினார்கள். பதிமூன்றாவதை ஏன் தாத்தா இறக்கவில்லை?" கொல்கத்தா ரசிகர்கள் என்மேல் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இறக்கியிருக்க வேண்டும் என்றுதான் அவளிடம் சொன்னேன்.